அட்டைப்பெட்டி ஜேசிபி எத்தனை நாள் தாங்கும்?

2 செப்டம்பர் 2024, காலை

இந்த இணைய உரையாடல் இழையை ஆரம்பித்தவரின் கேள்வி இது, அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "பழைய அட்டைப்பெட்டியில் பிள்ளைக்குப் பொம்மை செய்து தருவதெல்லாம் வீடியோ எடுக்கத்தான் லாயக்கு. மூணு மணி நேரம் வெட்டி ஒட்டினால் மூணு நாள்கூட வராது. இருநூறு ரூபாய்க்கு பிளாஸ்டிக் வண்டி கிடைக்கும்போது எதுக்கு இந்த வேலை? ஒரு மாதம் தாங்கின அட்டைப் பொம்மையை யாராவது பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்ததில்லை. நான் செய்த எதுவும் ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை. போன வருஷம் டிவி பெட்டியில் செய்த லாரி நாலாம் நாளே சப்பை. இருந்தாலும் நீங்கள் சொல்வது தப்பு என்றுதான் தோன்றுகிறது. இன்னும் நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இதில் தலையிடுகிறேன் என்றால், முந்தாநாள் வீட்டில் வாஷிங் மெஷின் இறங்கியது. பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்கு எடுத்து வைத்தால், ஆறு வயசுப் பையன் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்கிறான். ஜேசிபி வேண்டுமாம். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள், பையன் பல்கூட விளக்காமல் வாசலில் போய் நிற்கிறான்.

(எந்தக் கம்பெனி வண்டி தோண்டினாலும் நம் ஊரில் அது ஜேசிபிதான். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945-ல் ஆரம்பித்தது, அவருடைய இனிஷியல்தான் பெயர். தமிழில் சுருக்கியிருந்தால் 'ஜோசிபா' என்று வந்திருக்கும்.)

2 செப்டம்பர், இரவு

சிவகாசிச் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். பெட்டிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். பட்டாசுப் பெட்டி, காலண்டர் பெட்டி, தீப்பெட்டி பண்டல் போடுகிற பெட்டி எல்லாம் அவர் கைபட்டவை. லாரி சப்பையான கதையைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "நெளி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்து வெட்டுனியாடா?"

பார்க்கவில்லை. அட்டைக்குத் திசை உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் அலை அலையாக ஒரு தாள். இது மூணு பிளை. இன்னொரு நெளியும் இன்னொரு தாளும் சேர்ந்தால் அஞ்சு பிளை. தகரக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். நெளி ஓடுகிற திசையில் தகரத்தை மடக்க முடியாது. குறுக்கே என்றால் பாய் மாதிரிச் சுருட்டிவிடலாம். அட்டையும் அப்படித்தான். பெட்டிச் சுவரில் நெளி பெரும்பாலும் நட்டுக்குத்தலாக நிற்கும். குடோனில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது பாரத்தைத் தாங்குவது அந்தச் சின்னச் சின்னத் தூண்கள்தான்.

நான் லாரியின் அடித்தட்டைப் பெட்டியின் அகலவாக்கில் நீளமாக வெட்டியிருந்தேன். நெளி எல்லாம் குறுக்கே. பையன் மேலே உட்கார்ந்ததும் மடிந்துவிட்டது. உட்காரத்தான் செய்வான், அதற்குத்தானே லாரி.

5 செப்டம்பர்

ஜேசிபி வேலை ஆரம்பம். கையை (மண் அள்ளுகிற நீளக் கையை) நெளி நீளவாக்கில் வருகிற மாதிரி வெட்டினேன். ஒரு அட்டை போதாது என்று இரண்டை ஒட்டினேன். சித்தப்பா சொல்படி, பக்கத்தட்டுகளுக்கு மட்டும் ஒன்று நீளவாக்கு, ஒன்று குறுக்குவாக்கு. பிளைவுட்காரர்கள் செய்கிற அதே வேலைதான். வெள்ளைப் பசை தடவி, மேலே அம்மியைத் தூக்கி வைத்து ஒரு ராத்திரி விட்டேன். காலையில் தட்டினால் பலகை மாதிரிச் சத்தம்.

அம்மியை எடுத்ததற்கு அம்மாவிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது அம்மாவுக்கு ஆகிவந்த அம்மியாம். மிக்ஸி வந்த பிறகு அதில் ஒரு மிளகாய்கூட அரைத்து நான் பார்க்கவில்லை. அதையும் சொல்லித் தொலைத்தேன்.

6 செப்டம்பர்

வெட்டுவதற்கு என்ன என்று கேட்டிருந்தீர்கள். நேர்கோட்டுக்கு பேப்பர் கட்டர், இரும்பு ஸ்கேல் வைத்து, ஒரே இழுப்பில் அறுக்காமல் மூணு தடவை லேசாக. வளைவுக்கு ஹாக்சா பிளேடு, ஒரு முனையில் துணி சுற்றி. பிள்ளைகள் கையில் இரண்டையும் கொடுக்கக் கூடாது. என் மகள் (ஒன்பது வயசு) ரொட்டி அறுக்கிற பல்லுக்கத்தியால் அறுத்தாள், என்னைவிடச் சுத்தமாக வந்தது. பக்கத்தில் ஆள் இருந்தால் அது பரவாயில்லை.

மடிக்கிற இடத்தில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடித்தால் மேல்தாள் கிழியாது.

8 செப்டம்பர்

முடிந்தது. அசைகிறது!

கையைத் தூக்க நூலும் கப்பியும்தான் முதலில் போட்டேன். தூக்கும், இறக்காது, இறங்க வேண்டுமென்றால் தானாகத் தொப்பென்று விழ வேண்டும். பையனுக்கு அது பிடிக்கவில்லை. "ஜேசிபி மெதுவாத்தாம்ப்பா இறக்கும்" என்றான். நியாயம். அப்புறம் பள்ளிக்கூடக் கண்காட்சிகளில் வருமே, அந்தச் சிரிஞ்சு வேலைக்கு வந்தேன். மருந்துக்கடையில் ஊசி இல்லாமல் 5 மி.லி. நாலு, 10 மி.லி. நாலு. மீன்தொட்டிக் கடையில் காற்றுக்குழாய் இரண்டு மீட்டர், சிரிஞ்சு மூக்கில் சரியாகப் பிடித்தது. சின்னச் சிரிஞ்சு பையன் கையில், பெரியது வண்டிக்கையில், நடுவில் குழாய், உள்ளே தண்ணீர். இங்கே அமுக்கினால் அங்கே நீளும், இழுத்தால் சுருங்கும். நிஜ வண்டியிலும் நடப்பது இதுதான், அங்கே தண்ணீருக்குப் பதில் எண்ணெய். சின்னதில் அமுக்கி பெரியதில் வாங்கினால் விசை இரண்டு மடங்கு கிடைக்கும்.

முதல் தடவை கை தொளதொளவென்று ஆடியது. குழாய்க்குள் காற்றுக் குமிழி. தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும். நாம் கொடுக்கிற விசையைக் குமிழி தின்றுவிடுகிறது. வாளித் தண்ணீருக்குள் எல்லாவற்றையும் முக்கி அங்கேயே மாட்டினால் குமிழி வராது. தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விட்டேன், குழாயில் ஓடுவது தெரியட்டும் என்று. இப்போது வெள்ளைச் சட்டை ஒன்று நீலமாக இருக்கிறது. வாஷிங் மெஷின் வந்த நேரம்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் தெரிந்தவர்களாக இருந்தாலும் பழைய சிரிஞ்சு கேட்காதீர்கள். புதுசு சில்லறைக் காசுதான்.

9 செப்டம்பர்

மேலே "இரண்டு மடங்கு" என்று எழுதியது தப்பு. இங்கே ஒரு டீச்சர் அக்கா பிடித்துவிட்டார். விசை எத்தனை மி.லி. என்பதைப் பொறுத்ததில்லை, உள்வாய்ப் பரப்பைப் பொறுத்தது. 10 மி.லி. சிரிஞ்சு அகலத்தோடு நீளத்திலும் கூடுதல். உள்வாய் அகலத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்: சின்னது 12 மி.மீ., பெரியது 15 மி.மீ. இரண்டையும் வர்க்கம் போட்டு வகுத்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான் லாபம். அதற்குக் கூலியாக, சின்னது நகருகிற தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பெரியது நகரும்.

அடைத்த திரவத்தில் கொடுக்கிற அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்கிற பாஸ்கல் விதியைப் பத்தாவதில் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

12 செப்டம்பர்

கை ஒருபக்கமாகச் சாய்கிறது. நாலு பக்கச் சட்டமாகக் கட்டியிருந்தேன், அது நசுங்கிச் சாய்சதுரமாகிறது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அரவிந்த் குப்தா செய்து காட்டுவாரே, நினைவிருக்கிறதா? கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யப் போனவர், 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது என்பதை ஒரு தீப்பெட்டிச் செலவில் புரியவைப்பார். சட்டத்துக்குள் மூலைக்கு மூலை ஒரு துண்டு அட்டையைக் குறுக்கே ஒட்டினேன். நின்றுவிட்டது.

அன்றைக்கே அவரை நினைத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

13 செப்டம்பர்

சக்கரத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. வெறும் அட்டை வட்டம் விளிம்பில் நசுங்கி இரண்டே நாளில் பூரி மாதிரி ஆகிவிடும். மூணு வட்டத்தை நெளித் திசை மாற்றி மாற்றி ஒட்டி, விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டுங்கள். அச்சு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, அது சுழல பால்பாயிண்ட் பேனாவின் உடம்பு. முன்பு ஸ்ட்ரா போடுவார்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை, காகித ஸ்ட்ரா அச்சுக்குத் தாங்காது. பேனா மேல்.

நாங்கள் சின்ன வயசில் ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் செய்வோம். நுங்கு வண்டிக்கு அதுகூட வேண்டாம். இப்போது நுங்கு சுளையாகப் பிளாஸ்டிக் பையில் வருகிறது, கூந்தலை (சுளை எடுத்த காய்க்கூட்டை) யார் கண்ணில் காட்டுகிறார்கள்?

17 செப்டம்பர்

மகள் என் ஜேசிபியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். இருபது நிமிஷம். ஏடிஎம். முன்னால் ஒரு கீறல், அதிலிருந்து நோட்டு வரும் (உள்ளிருந்து இவள்தான் தள்ளுகிறாள்). நம்பர் பொத்தானுக்கு மாத்திரை அட்டை, அமுக்கினால் டப் டப் என்கிறது. தம்பி வரிசையில் நிற்க வேண்டும். நின்று, கார்டு போட்டு, நாலு நம்பர் அமுக்கியதும் உள்ளேயிருந்து குரல்: "சர்வர் டவுன். பிறகு முயற்சிக்கவும்." அவன் அழுதுகொண்டே திரும்ப வரிசைக்குப் போகிறான். அப்பத்தாவும் ஒரு தடவை நின்றார். அவருக்கு மட்டும் ஐநூறு வந்தது.

அமெரிக்காவில் ரோசெஸ்டர் என்ற ஊரில் பொம்மைகளுக்கென்றே ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. 2005-ல் அதில் அட்டைப்பெட்டியைச் சேர்த்தார்கள். வெறும் பெட்டியை. 2008-ல் வெறும் குச்சியை. சிரிஞ்சு, ஸ்போக்ஸ், அம்மி எதுவும் பட்டியலில் இல்லை.

18 செப்டம்பர்

இல்லை, நேற்று எழுதியதில் கொஞ்சம் அழுகுணித்தனம் இருக்கிறது. ஏடிஎம் உடையாதது அவள் கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் இல்லை. அதன்மேல் விசையே கிடையாது. நிற்கிற பொம்மை நிற்கத்தான் செய்யும். மண் அள்ளச் சொல்லிப் பாருங்கள் ஏடிஎம்மை.

21 செப்டம்பர்

பக்கெட் (கையின் நுனியில் மண் அள்ளுகிற தொட்டி) கிழிந்தது. ஈர மணல். புதுசு செய்தேன், பதினைந்து நிமிஷம்.

29 செப்டம்பர்

பக்கெட் மறுபடியும். இந்தத் தடவை உள்பக்கம் பால் பாக்கெட் ஒட்டினேன், கழுவிக் காயவைத்து. கையும் ஒரு இடத்தில் மடிந்தது, பையன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியதால். மாற்றியாகிவிட்டது.

1 அக்டோபர்

பசை பற்றி ஒரு எச்சரிக்கை. மைதா காய்ச்சிய பசை நன்றாகவே ஒட்டும், செலவும் இல்லை. ஆனால் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள் இல்லையா, பிள்ளைகள் பொம்மைக்கு அது வேண்டவே வேண்டாம், விஷம். கலக்காவிட்டால் கரப்பான் வரும். கரப்பான் எப்படியும் வரும்: பெட்டிக்குள் நெளியை ஒட்டுவதே மாவுப் பசையில்தான் என்றார் சித்தப்பா. ராத்திரி தரையில் வைக்காமல் மேலே தூக்கி வைக்கிறேன்.

பூச்சிமருந்து, உரம், ஆசிட் வந்த பெட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தொடாதீர்கள். ஆப்பிள் பெட்டி தங்கம். பழக்கடையில் கேட்டால் சும்மா தருவார்கள். மூலையில் அடித்திருக்கும் பின்னைக் குறடு வைத்துப் பிடுங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். என் கட்டைவிரல் சாட்சி.

5 அக்டோபர்

ஜேசிபி வீட்டில் இல்லை. எதிர்வீட்டு மாமி கொலு வைத்திருக்கிறார், படிக்குக் கீழே பார்க். செட்டியார் பொம்மை மளிகைக்கடைக்குப் பக்கத்தில் தெரு, தெருவில் பள்ளம், பள்ளத்தில் எங்கள் ஜேசிபி. "நம்ம தெரு மாதிரியே இருக்கட்டும்டா" என்றார். பையனுக்குப் பெருமை ஒரு நாள்தான் நின்றது. ரெண்டாம் நாள் திருப்பித் தரச் சொல்லி மாமி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டான். கொலுவில் வைத்ததை நடுவில் எடுக்க மாட்டேன் என்கிறார் மாமி. தினம் சாயங்காலம் அங்கேயே போய் ஓட்டிக்கொள்ளலாம், சுண்டலும் உண்டு என்று பேசி முடித்திருக்கிறோம்.

8 அக்டோபர்

ஒரு மாதம் ஆகிவிட்டது. இழையை ஆரம்பித்தவரே, பார்த்துக்கொள்ளுங்கள்.

9 அக்டோபர்

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று குற்றச்சாட்டு. பக்கெட் இரண்டு தடவையும் கை ஒரு தடவையும் மாற்றியபின் அது அதே வண்டியா? கொலுவில் உட்கார்ந்த நாளைக் கணக்கில் சேர்க்கலாமா? சிரிஞ்சும் குழாயும் ஸ்போக்ஸும் போட்ட பிறகு அதை அட்டைப் பொம்மை என்று சொல்லலாமா?

முதலாவதற்குப் பதில்: பிளாஸ்டிக் ஜேசிபியில் கை உடைந்தால் வண்டியே போச்சு. இதில் கையை மாற்றலாம், பழைய கையையே மேலே வைத்துக் கோடு போட்டால் போதும். தாங்குவது என்பதில் அதையும் சேர்க்கிறேன். இரண்டாவது, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடியது, பாதி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது குத்தல் நியாயமானது. பதில் இல்லை.

14 அக்டோபர்

வண்டி வீடு திரும்பியது, பக்கெட்டில் நாலு கொண்டைக்கடலையோடு.

யாரோ இதெல்லாம் எப்போது வந்தது என்று கேட்டிருந்தார்கள். மிச்ச அட்டைப் பட்டையைப் பையன் தலையில் வளையமாகச் சுற்றிக்கொண்டு ராஜாவாக அலைகிறான். அவன் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறான். நெளித்தாளுக்கு 1856-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது தொப்பிக்குத்தான், உயரத் தொப்பிக்குள் சுற்றுகிற பட்டையாக. 1871-ல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதை பாட்டிலும் சிம்னியும் உடையாமல் சுற்ற எடுத்துக்கொண்டார். அப்போது ஒரு பக்கம்தான் தாள். 1874-ல் ஆலிவர் லாங் என்பவர் இரண்டு பக்கமும் தாள் ஒட்டினார், அதற்குப் பிறகுதான் பெட்டியாக நிற்கிற தெம்பு வந்தது.

26 அக்டோபர்

நேற்று மழை. மொட்டைமாடியில் விட்டுவிட்டான். நான்தான் மேலே கொண்டுபோய் விளையாடு என்றேன், ஆன்லைன் மீட்டிங் இருந்தது.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒட்டிய தாள்கள் எல்லாம் பிரிந்து, நெளி தனியாக, தாள் தனியாக, ஊறிய அப்பளம் மாதிரிக் கிடந்தது. அட்டைக்குள் நெளியை ஒட்டியிருந்த மாவுப் பசை தண்ணீரில் விட்டுக்கொடுத்துவிட்டது. பலகை மாதிரிச் சத்தம் கேட்டதே, அந்தத் தட்டைத் தூக்கினால் கையோடு வந்தது. பால் பாக்கெட் ஒட்டிய பக்கெட் மட்டும் முழுசாக இருந்தது, அதில் அரைப் பக்கெட் மழைத்தண்ணீர்.

8 செப்டம்பரிலிருந்து 25 அக்டோபர் வரை, 47 நாள். இரண்டாவது குற்றச்சாட்டுக்காகக் கொலு நாட்களைப் பாதியாக எண்ணினாலும் 40-க்கு மேல் வரும்.

பையன் அழுவான் என்று பயந்தேன். "ஜேசிபி பள்ளத்துல விழுந்துருச்சு" என்று சொல்லிவிட்டு ஏடிஎம் வரிசைக்குப் போய்விட்டான். எனக்குத்தான் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

27 அக்டோபர்

வார்னிஷ் அடித்திருக்கலாமே என்று நாலு பேர். அடித்திருக்கலாம். மெழுகும் தேய்த்திருக்கலாம். அடித்திருந்தால் பழைய பேப்பர் கடையில் எடுக்க மாட்டார்கள், பையன் வாயில் வேறு வைக்கிறான். அதைவிட, அவனை மாடிக்கு அனுப்பாமல் மீட்டிங்கை அணைத்திருக்கலாம்.

2 நவம்பர்

தீபாவளிக்குச் சித்தப்பா வந்திருந்தார். போட்டோக்களைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேபின் சுவரில் நெளி படுக்கைவாட்டில் இருக்கிறதாம். அதை நான் கவனிக்கவே இல்லை. "இருந்தாலும் நின்னுருக்கே" என்றார். அவரிடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

10 நவம்பர்

கணக்கை முடிக்கிறேன். வெள்ளைப் பசை, சிரிஞ்சு, குழாய் எல்லாம் சேர்த்து 160 ரூபாய் சொச்சம். கடை வண்டியைவிட நாற்பது ரூபாய்தான் மிச்சம். நேரத்தைக் காசாக்கினால் நஷ்டம், மறுக்கவில்லை. மூணு மணி நேரம் என்றீர்கள், எனக்கு பதினொன்று ஆனது.

சிரிஞ்சுகளைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். பக்கெட்டை அம்மா எடுத்துக்கொண்டார், அடுப்படியில் பூண்டுத்தோல் போட. மாத்திரை அட்டை தேய்ந்து ஏடிஎம்மில் ஏழு, எட்டு, பூஜ்யம் வேலை செய்வதில்லை. மகள் ரகசிய எண்ணை 1234 என்று மாற்றிவிட்டாள்.

19 ஜனவரி 2025

இழையை எழுப்பியதற்கு மன்னிக்கவும். மூணாவது வீட்டில் டபுள் டோர் ஃப்ரிட்ஜ் இறக்குகிறார்கள். அஞ்சு பிளை, ஆளுயரம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பெட்டியை இன்னும் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். அவர்களோடு நமக்கு அவ்வளவு பேச்சுவார்த்தை இல்லை. பையன் ஏற்கெனவே செருப்பை மாட்டிவிட்டான். இந்தத் தடவை கிரேனாம்.